வாசிப்பு மதிப்பெண் எங்கே ஒழுகுகிறது? சீனாவின் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு பழுதுபார்க்கும் குறிப்பு

சீனக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கிய முதல் மாதத்திலேயே இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும்: "லாவ்ஷி, எனக்கு வாசிப்பு வரவில்லை." லாவ்ஷி என்றால் ஆசிரியர். மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஓடவில்லை" என்று சொல்வது மாதிரிதான் இதுவும். பெட்ரோல் தீர்ந்ததா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா, சாவியையே திருகவில்லையா என்று பார்க்காமல் இன்ஜினைக் கழற்றினால் நாள்தான் வீணாகும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் செய்வது அதுதான். வாசிப்பு வரவில்லை என்றதும் சொல் பட்டியலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையை. 1987-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் இந்தத் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. மொத்தம் 710 மதிப்பெண். தேர்ச்சிக் கோடு என்று சான்றிதழில் எதுவும் கிடையாது. ஆனால் 425 எடுத்தால்தான் அடுத்த படியான ஆறாம் நிலையை எழுத முடியும். அதனால் மாணவர்கள் வாயில் 425 என்றால் பாஸ், 424 என்றால் ஃபெயில். ஆறாம் நிலைத் தேர்வில் வாசிப்புப் பகுதியின் அமைப்பு இதேதான். பத்திகள் மட்டும் நீளமாகவும் கடினமாகவும் இருக்கும். ஆகவே கீழே உள்ளது அதற்கும் பொருந்தும்.

வாசிப்புக்கு 40 நிமிடம், 35 சதவீதம், அதாவது 248.5 மதிப்பெண். அதில் மூன்று பிரிவு. முதலாவது நம் ஊர் 'கோடிட்ட இடத்தை நிரப்புக': ஒரு பத்தி, பத்து இடைவெளி, பதினைந்து சொற்கள். இரண்டாவது ஒரு வகையான 'பொருத்துக': நீளமான கட்டுரை ஒன்று, பத்து கூற்றுகள், எந்தக் கூற்று எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது இரண்டு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். மூன்று பிரிவிலும் பத்துப் பத்துக் கேள்விதான். ஆனால் விலை ஒன்றல்ல. கோடிட்ட இடம் ஒன்றுக்கு 3.55, பொருத்துக ஒன்றுக்கு 7.1, மூன்றாம் பிரிவில் ஒரு கேள்விக்கு 14.2. கிடைக்கும் மதிப்பெண் மற்ற தேர்வர்களோடு ஒப்பிட்டுச் சமன்செய்யப்பட்டு வருவதால் இதைக் காசுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விகிதம் இதுதான். மூன்றாம் பிரிவின் ஒரு கேள்வி, முதல் பிரிவின் நான்குக்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மூன்று பேனா சோதனை

பழுதை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். மாணவர் இதுவரை பார்த்திராத பழைய வினாத்தாள் ஒன்றை எடுங்கள். 2013 டிசம்பருக்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முன்பு 'பொருத்துக' பிரிவு இல்லை, வேக வாசிப்பு என்று வேறொன்று இருந்தது. 40 நிமிடம் நீலப் பேனாவில் எழுதட்டும். நேரம் முடிந்ததும் பேனாவை மாற்றி, அகராதி இல்லாமல், கடிகாரம் இல்லாமல் சிவப்பில் தொடரட்டும். விட்டதை நிரப்பலாம், போட்டதை மாற்றலாம். எல்லாம் முடிந்த பிறகு அகராதியைக் கையில் கொடுத்துப் பச்சைப் பேனாவில் மூன்றாவது சுற்று.

இப்போது முப்பதுக்கு மூன்று எண்ணிக்கை கிடைக்கும். நீலம் 14, சிவப்பு 22, பச்சை 23 என்று வந்தால் பிரச்சினை நேரம். நீலம் 14, சிவப்பு 15, பச்சை 23 என்றால் உண்மையிலேயே சொல் போதவில்லை. 14, 16, 17 என்று நகராமல் நின்றால் நேரமும் கொடுத்தாயிற்று, அகராதியும் கொடுத்தாயிற்று, இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அது வாக்கிய அமைப்பிலோ கேள்வியைக் கையாளும் விதத்திலோ உள்ள பழுது. என்னிடம் "சொல் வளம் போதாது" என்று வந்தவர்களில் பலருக்கு இந்த மூன்றாவது வகைதான் வந்திருக்கிறது. அவர்களே நம்ப மறுப்பார்கள். சொல் தெரியவில்லை என்பது சொல்லிக்கொள்ள வசதியான நோய்.

நேரம் போதவில்லை, கடைசிக் கட்டுரையைப் பார்க்காமலே நிரப்பினேன்

இது எளிதில் சரியாகும் பழுது. கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் வரிசையிலேயே போகிறார்கள் என்பதுதான் காரணம். முதலில் கோடிட்ட இடம். அதில் நான்கைந்து சொல் பொருந்தும், மீதி பொருந்தாது. கௌரவப் பிரச்சினையாகி அங்கேயே பதினைந்து நிமிடம் போய்விடும். மொத்தத் தேர்வில் ஐந்து சதவீதப் பெறுமானமுள்ள பிரிவுக்குப் பதினைந்து நிமிடம்! அப்புறம் இருபது சதவீதப் பிரிவுக்கு மிச்சம் கிடப்பது எட்டு நிமிடம்.

வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் மூன்றாம் பிரிவு, கட்டுரைக்கு ஒன்பது பத்து நிமிடம். பிறகு பொருத்துக, பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம். மிஞ்சும் ஆறேழு நிமிடம் கோடிட்ட இடத்துக்கு. விடையை அப்போதைக்கப்போதே விடைத்தாளில் 2பி பென்சிலால் நிரப்பிவிட வேண்டும், கடைசியில் மொத்தமாக நிரப்ப நேரம் தரமாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விட வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கேட்டல் பகுதி முடிந்ததும் முதல் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வாசிப்பும் மொழிபெயர்ப்பும் ஒரே விடைத்தாளில்தான், 40-உம் 30-உம் சேர்ந்து 70 நிமிடம். மொழிபெயர்ப்பு ஒரே ஒரு சிறு பத்தி. அதை 25 நிமிடத்தில் முடிக்கத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தை வாசிப்புக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் தடுமாறுபவர் மட்டும் இந்தக் கடனை வாங்கக் கூடாது.

எல்லாச் சொல்லும் தெரியும், வாக்கியம்தான் புரியவில்லை

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது.

சீன மொழியில் பெயரை விளக்கும் எல்லாமும் பெயருக்கு முன்னால் வரும். 'நேற்று நூலகத்தில் நான் பார்த்த பெண்' என்பதை, சொற்களின் வரிசை சற்றே மாறினாலும், கிட்டத்தட்ட நம்மைப் போலவே அடுக்கி, 'பெண்' என்பதைக் கடைசியில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் பெண் முதலில் வந்துவிடுவாள், அவளைப் பற்றிய செய்தி வால் மாதிரி பின்னால் வரும். பெயரெச்சம் படித்து வளர்ந்த நமக்கு இந்தச் சிரமம் உள்ளேயிருந்து தெரியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இதில் என்ன கஷ்டம் என்பதே சில சமயம் பிடிபடாது. தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இந்த இடத்தில் உண்மையான அனுகூலம் உண்டு.

அதோடு இன்னொன்று சேர்கிறது. சீன வினைச்சொல்லில் காலம், எண், இடம் எதற்கும் விகுதி கிடையாது. ஒரு வாக்கியத்தில் இரண்டு மூன்று வினைகள் வரிசையாக எந்த இணைப்பும் இல்லாமல் நிற்கலாம். தமிழில் 'போய் வாங்கி வந்தான்' என்று முதல் இரண்டையும் எச்சமாக்கி, கடைசி ஒன்றை மட்டும் முற்றாக வைப்போம். அந்தப் பழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது. எது முற்று என்று தேட நமக்குத் தெரியும். சீன மாணவரின் காதில் இரண்டு வினை அடுத்தடுத்து வந்தாலும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

உதாரணமாக: 'த ரிசல்ட்ஸ் பப்ளிஷ்டு லாஸ்ட் இயர் சர்ப்ரைஸ்டு மெனி டீச்சர்ஸ்.' மாணவர் 'முடிவுகள் கடந்த ஆண்டு வெளியிட்டன' என்று பாதியிலேயே வாக்கியத்தை முடித்துவிடுவார். பிறகு 'சர்ப்ரைஸ்டு' வந்ததும் முட்டிக்கொண்டு, ஆரம்பத்துக்குத் திரும்பி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிப்பார். ஒரு கட்டுரையில் இப்படி ஆறு வாக்கியம் இருந்தால் நேரமும் போயிற்று. ஆக, நேரப் பழுதாகத் தெரிவது சில சமயம் இதன் புகைதான்.

சரிசெய்யும் வழி சலிப்பானது, ஆனால் வேலை செய்யும். புதுக் கட்டுரை வேண்டாம். தவறாகப் பதில் போட்ட கட்டுரையிலிருந்தே நீளமான பத்து வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வினை போலத் தெரியும் எல்லாவற்றையும் வட்டமிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் "இதைச் செய்தது யார்?" என்று கேளுங்கள். 'பப்ளிஷ்டு' செய்தது முடிவுகள் அல்ல, வேறு யாரோ. அப்படியானால் அது முற்று இல்லை. பெயருக்குப் பின்னால் தொங்கும் வாலைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சத்தமாகப் படிக்கட்டும்: 'த ரிசல்ட்ஸ் சர்ப்ரைஸ்டு மெனி டீச்சர்ஸ்.' அப்புறம் வாலைத் தனியாகப் படிக்கட்டும். இரண்டு மூன்று வாரம் தினமும் இதைச் செய்தவருக்குப் பென்சில் தேவைப்படாமல் போகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழுது 'ஆல்தோ'. சீனத்தில் 'சுய்ரான்' என்று தொடங்கினால் பின்னால் பெரும்பாலும் 'தான்ஷி' வரும். 'இருந்தாலும்' போட்டுவிட்டு, கூடவே 'ஆனால்' என்றும் போடுவது போல. வழக்கமான வரிசையில் விட்டுக்கொடுக்கும் பகுதி முதலில், சொல்ல வந்த கருத்து பின்னால். காரணமும் அப்படித்தான், காரணம் முன்னால், விளைவு பின்னால். ஆங்கிலமோ கருத்தை முதலில் சொல்லிவிட்டு, 'தோ' என்று ஒரு விட்டுக்கொடுப்பைக் கடைசியில் ஒட்டும். மாணவர் கடைசியில் வந்ததைத்தான் ஆசிரியரின் கருத்து என்று எடுத்துக்கொள்வார். விடை நேர் எதிராகப் போகும். 'ஆல்தோ', 'தோ', 'வைல்' எங்கே வந்தாலும் அதோடு ஒட்டிய பகுதி துணை, மற்றதுதான் தலை என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு விடைகள் வரை வந்துவிடுகிறேன், கடைசியில் தப்பானதையே எடுக்கிறேன்

இது மூன்றாம் பிரிவின் பழுது, அதாவது 14.2 மதிப்பெண் பழுது. துரதிர்ஷ்டம் என்று மாணவர்கள் சொல்வார்கள். எப்போதுமே தப்பானதை எடுக்கிறார் என்றால் அது அதிர்ஷ்டத்தின் வேலை இல்லை. ஏதோ ஒன்று அவரை இழுக்கிறது. அது எது என்று பார்க்க, தவறான பத்து விடைகளை எடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் "இதை ஏன் எடுத்தேன்" என்று சீனத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்வேன். பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

ஒன்று, கட்டுரையில் இருந்த சொற்கள் அப்படியே விடையிலும் இருந்தன. பார்த்த முகமாக இருந்ததால் நம்பிவிட்டார். ஆனால் தேர்வுத்தாள் எழுதுகிறவர் சரியான விடையைப் பெரும்பாலும் வேறு சொற்களில்தான் எழுதுவார், கட்டுரையின் சொற்களைத் தூண்டிலில் கோப்பார். சொற்கள் அதேதான், ஆனால் காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் மாறியிருக்கும்.

இரண்டு, விடை உலகத்தில் உண்மை, கட்டுரையில் இல்லை. உடற்பயிற்சி நல்லது, கைப்பேசியை அதிகம் பார்ப்பது கெட்டது. யார் மறுப்பார்கள்? ஆனால் கேள்வி, இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்பது. விடைக்கு ஆதாரமான வரியின் மேல் விரலை வைக்க முடியாவிட்டால் அந்த விடையை எடுக்கக் கூடாது.

மூன்று, அளவு மாறியிருக்கும். கட்டுரை 'மே', 'டெண்ட் டு', 'சம்' என்று தயங்கித் தயங்கிப் பேசும். விடை 'ஆல்வேஸ்', 'ஒன்லி' என்று அடித்துப் பேசும். இந்தச் சிறு சொற்களை மாணவர்கள் கண்ணால் பார்ப்பதே இல்லை, பட்டியலில் என்றோ படித்து முடித்த சொற்கள் என்பதால்.

யார் எந்த வகையில் விழுகிறார் என்பது பெரும்பாலும் மாறுவதில்லை. என் மாணவி ஒருத்திக்குப் பத்தில் ஏழு இரண்டாம் வகை. நிறையப் படிக்கிற பெண், எல்லாவற்றிலும் சொந்தக் கருத்து உண்டு. அவளுக்குச் சொல் பட்டியலே தேவைப்படவில்லை. விரலை வைத்துக் காட்டு என்பதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆசிரியரின் மனநிலையைக் கேட்கும் கேள்விக்குத் தனிச் சொல் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது சொல் போதும். 'இன்டிஃபரன்ட்' என்பதை 'வேறுபாடு இல்லாத' என்று கணக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 'அக்கறையற்ற'.

கோடிட்ட இடத்தில் பத்துக்கு மூன்று

சீனத்தில் ஒரே சொல் எந்த உருமாற்றமும் இல்லாமல் பெயராகவும் வினையாகவும் நிற்கும். 'ஃபாட்ஜான்' என்பதுதான் வளர்ச்சி, அதுவேதான் வளர்வதும். ஆகவே 'டெவலப்', 'டெவலப்மென்ட்', 'டெவலப்பிங்' மூன்றும் மாணவர் மனதில் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. பத்தியைப் படித்துப் பொருளை வைத்து நிரப்பப் பார்ப்பதால் மூன்றுமே பொருந்துவது போலத் தோன்றும்.

பத்தியைத் தொடும் முன்பே பதினைந்து சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்துக் குறிக்க வேண்டும். வினைகளில் எது இறந்தகால வடிவம், எது 'இங்' வடிவம் என்றும். பெயராகவும் வினையாகவும் வரக்கூடியவற்றுக்கு இரண்டு குறி. பிறகு ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்பின் சொற்களைப் பார்த்து எந்த இனம் வரும் என்று முடிவுசெய்தால், பதினைந்தில் தேர்வு செய்யும் வேலை நான்கைந்தில் தேர்வு செய்யும் வேலையாகச் சுருங்கும். ஒரு சொல்லை ஒரு முறைதான் பயன்படுத்தலாம் என்பதால் ஒரு தவறு இன்னொரு தவறைப் பெற்றெடுக்கும். உறுதியானதை மட்டும் முதலில் போடுங்கள். ஐந்தாறு சரியானால் போதும், நகர்ந்துவிடுங்கள்.

பொருத்துகவில் மேலும் கீழும் தேடியே நேரம் போகிறது

கூற்று ஒன்றைப் படித்துக் கட்டுரை முழுக்கத் தேடுவது, பிறகு கூற்று இரண்டைப் படித்து மறுபடி முழுக்கத் தேடுவது. கூற்றுகள் கட்டுரையின் வரிசையில் வராது என்பதால் இப்படிச் செய்தால் பத்து முறை படிக்க வேண்டியிருக்கும். பத்துக் கூற்றையும் முதலில் படித்து, ஒவ்வொன்றிலும் மாற்றிச் சொல்லக் கடினமான சொல்லை அடிக்கோடிடுங்கள்: ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு. எண்ணை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம், கட்டுரையில் 50 சதவீதம் என்றிருப்பது கூற்றில் 'பாதி' ஆகிவிடும். பிறகு கட்டுரையை ஒரே ஒரு முறை, பத்தி பத்தியாகப் படித்து, "இந்தப் பத்திக்கு ஏதாவது கூற்று இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். சில பத்திகளுக்கு எதுவும் இராது, சிலவற்றுக்கு இரண்டு இருக்கலாம். முதல் நடையில் ஆறேழு விழுந்துவிடும்.

சொல் பட்டியலை இரண்டு முறை முடித்துவிட்டேன், ஆனாலும்...

உண்மையில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? அகரவரிசைப் பட்டியலின் முதல் சொல் 'அபான்டன்', அதாவது கைவிடு. முதல் நாளே கைவிட்டுவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே பழைய நகைச்சுவை. நான்காம் நிலைக்குச் சுமார் 4,500 சொல் வேண்டும் என்பார்கள். அதில் பெரும்பகுதியை உயர்நிலைப் பள்ளியிலேயே பார்த்திருப்பார்கள்.

பச்சைப் பேனா எண்ணிக்கை உயர்ந்தவர்களிடம், அகராதியில் தேடிய சொற்களை எழுதச் சொல்லிப் பாருங்கள். முழுக்கத் தெரியாத சொற்களைவிட, பாதி தெரிந்த சொற்கள் நிறைய இருக்கும். 'அட்ரஸ்' என்றால் முகவரி, சரி. 'அட்ரஸ் த ப்ராப்ளம்' என்றால்? 'நாவல்' என்றால் புதினம். 'எ நாவல் அப்ரோச்' என்றால்? ஒரு சொல்லுக்கு ஒரு சீன அர்த்தம் என்று செயலியில் தட்டித்தட்டிப் பழகியதன் விளைவு இது. பழைய வினாத்தாள்களிலிருந்தே சொல்லை அதன் வாக்கியத்தோடு எழுதி எடுக்க வேண்டும், நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் 22, தேர்வில் 13

இரண்டு சந்தேகம். முதலாவது, வீட்டில் எழுதியது ஏற்கெனவே பார்த்த தாளா? பழைய வினாத்தாள்களை மாணவர்கள் 'ஜென்-தி' என்பார்கள், அதாவது அசல் வினா. ஒரே பருவத் தேர்விலேயே வெவ்வேறு வினாத்தொகுப்புகள் இருக்கும் என்பதால் இருப்பு குறைவில்லை. இருந்தாலும் கடைசி இரண்டு பருவத் தாள்களைத் தொடாமல் பூட்டி வையுங்கள், தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கு.

இரண்டாவது, வீட்டில் வாசிப்பை மட்டும் தனியாக, தேநீரோடு எழுதினாரா? தேர்வு அறையில் அது 30 நிமிடக் கட்டுரை எழுத்துக்கும் 25 நிமிடக் கேட்டலுக்கும் பிறகு வருகிறது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் துரத்திய களைப்போடு, கேட்டலில் விட்டுவிட்ட மூன்று கேள்விகளின் நினைப்போடு முதல் கட்டுரையைத் திறக்கிறார். ஐந்து வரி கண்ணில் ஓடும், மனதில் ஏறாது. வீட்டிலும் கேட்டல் பயிற்சி முடித்த கையோடு வாசிப்பை எழுதிப் பழகினால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். விடைத்தாள் வாங்கும் இடைவெளியில் பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். அப்போது எழுதவும் விடமாட்டார்கள்.

முடிவு வந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் கேட்டல், வாசிப்பு, எழுத்தும் மொழிபெயர்ப்பும் என்று மூன்றாகப் பிரித்துத் தந்திருப்பார்கள். மொத்தம் 410, அதில் வாசிப்பு மட்டும் 180 என்றால் பழுது இங்கே இல்லை. "எனக்கு வாசிப்பு வரவில்லை" என்று வந்த ஒரு பையனின் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது கேட்டலில் நூற்றைக்கூடத் தொடவில்லை. அவனை ஹெட்போன் வாங்க அனுப்பினேன்.